606-ஆம் அறை

ஒரு நாவலில் வருகிற பாத்திரங்கள் எல்லோரும் ஆசிரியரின் குரலிலேயே பேசினால் நாலு அத்தியாயத்துக்குள் நமக்குச் சலித்துவிடும். ஒரு ஹோட்டலில் இருக்கிற சாமான்கள் அத்தனையும் ஒரே மனிதரின் குரலில் பேசினால்? கோபன்ஹேகனில் ரயில்வே ஸ்டேஷனுக்கு அருகே உள்ள ராயல் ஹோட்டலில் தங்கியபோது இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

ஸாஸ் விமானக் கம்பெனிக்காகக் கட்டப்பட்டு 1960-இல் திறக்கப்பட்டது அது. கட்டியவர் ஆர்னே யாக்கப்ஸன். கட்டடத்தோடு அவர் நிற்கவில்லை. நாற்காலி, விளக்கு, திரைச்சீலை, கதவின் கைப்பிடி, சாப்பாட்டு மேஜைக் கத்தி, முள் கரண்டி எல்லாமே அவர் வரைந்து கொடுத்தவை. ஸூப் கரண்டியில்கூட வலக்கைக்கு ஒன்று, இடக்கைக்கு ஒன்று! (1968-இல் வந்த '2001' என்ற விண்வெளிப் படத்தில் ஸ்டான்லி குப்ரிக் உபயோகித்தது இந்தக் கரண்டி வகையைத்தான்.) எனக்குச் சிரிப்பும் வந்தது, சற்றுப் பயமும் வந்தது. விருந்தாளி எந்தக் கையால் சாப்பிடுவான் என்பது வரைக்கும் யோசித்துவிட்ட மனிதர், விருந்தாளி யோசிப்பதற்கு என்ன மீதி வைத்திருப்பார்?

வெளிக் கட்டடத்தை நான் அவ்வளவாக மெச்ச மாட்டேன். தாழ்ந்த நீள் கட்டடத்தின் மேல் உயர்ந்த கண்ணாடிப் பெட்டி. நியூயார்க்கில் 1952-இல் எழுந்த லீவர் ஹவுஸை அறிந்தவர்களுக்கு இதில் புதுமை அதிகம் தெரியாது.

உள்ளே அந்த நாளைய கோலம் கலையாமல் வைத்திருப்பது 606-ஆம் அறை ஒன்றைத்தான். மற்றவை மாற்றி அமைக்கப்பட்டுவிட்டன; நான் தங்கிய அறையும் அப்படியே. 606-ஐக் காட்டச் சொல்லிப் பார்த்தேன். நீலமும் பச்சையும் கலந்த துணிகள், கருத்த மரப்பலகை பதித்த சுவர். அழகுதான், சந்தேகமில்லை. ஆனால் கையில் இருந்த பத்திரிகையை எங்கே வைப்பது என்று தயங்கினேன். எங்கே வைத்தாலும் பிசகாகிவிடும் போலிருந்தது. கடைசியில் கையிலேயே வைத்துக்கொண்டு திரும்பினேன்.

அபிப்பிராயம் இத்துடன் முடிந்திருக்க வேண்டும். கீழே வந்து, இந்த ஹோட்டலுக்காகவே அவர் 1958-இல் படைத்த 'முட்டை' நாற்காலியில் உட்கார்ந்ததும் என் வாதம் ஆட்டம் கண்டது. கெட்டி நுரையில் வார்த்த ஒரே கூடு; நேர்கோடு என்பதே இல்லை. இரண்டு பக்கமும் காதுவரை உயர்ந்து நிற்பதால் கூடத்தின் இரைச்சல் பாதியாகக் குறைகிறது. வேண்டாதவர் வந்தால் சுழன்று திரும்பிக்கொள்ளலாம். நிமிர்ந்தும் உட்காரலாம், சாய்ந்தும் உட்காரலாம். எந்தக் கரண்டி எந்தக் கைக்கு என்று கட்டளையிட்ட அதே ஆசாமி இங்கே வாயை மூடிக்கொண்டுவிட்டார். அறைகள் மாறின, 1971-இல் அவரும் போய்விட்டார், இந்த நாற்காலி மட்டும் ஹோட்டலைவிட்டு வெளியேறி உலகமெங்கும் வீடுகளில் குடியேறிவிட்டதில் எனக்கு ஆச்சரியமில்லை.

எதிர் நாற்காலியில் பிரயாணக் களைப்போடு ஒரு அம்மாள். செருப்பைக் கழற்றிவிட்டு, கால்களை மடக்கிக்கொண்டு, வாய் சற்றே திறந்திருக்கத் தூங்கிக்கொண்டிருந்தாள். ஒரு செருப்பு கவிழ்ந்து கிடந்தது.