எள்ளலும் அலைத்தலும்: இணைய விளையாட்டின் குரலுரையாடலும் சுஜாதாவின் திருவரங்கமும்

முன்னுரை

பப்ஜி முதலிய இணையவழிக் குழு விளையாட்டுகளில் ஆடுவோர் தமக்குள் பேசிக்கொள்ளும் ‘வாய்ஸ் சாட்’ எனும் குரலுரையாடல், தமிழ்ச்சூழலில் பேசப்படும்போதெல்லாம் கெட்ட வார்த்தைகளின் பெருக்கமாகவே பேசப்படுகிறது. இவ்வணுகுமுறை போதாது. வசைச்சொல் தமிழுக்குப் புதிதன்று. விளையாட்டுக் களத்துக்கும் புதிதன்று. கி. ராஜநாராயணன் தொகுத்த ‘வயது வந்தவர்களுக்கு மட்டும்’ என்னும் பாலியல் நாட்டார் கதைத்தொகுப்பைப் படித்தவர் எவரும் ஆபாசச் சொல்லையே குற்றமெனக் கருதமாட்டார். அச்சொல்லைச் சொல்பவனுக்கும் கேட்பவனுக்கும் இடையில் என்ன உறவு இருக்கிறது என்பதே வினா. இவ்வினாவைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலையும், திருவரங்கத்தைக் களமாகக் கொண்ட சுஜாதாவின் ‘ஸ்ரீரங்கத்து தேவதைகள்’ சிறுகதைகளையும் துணைக்கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

கண்ணும் செவியும்

தொல்காப்பியர் உவகை தோன்றும் நிலைக்களன்களுள் ஒன்றாக விளையாட்டை வைக்கிறார். நகையின் நிலைக்களன்களுள் ஒன்றாக எள்ளலை வைக்கிறார். பிறரை அலைத்துத் துன்புறுத்துவதாகிய ‘அலை’ வெகுளியின்பாற் படுகிறது. ஆடுகளத்தில் எள்ளல் எந்தக் கணத்தில் அலையாக மாறுகிறது என்பதை அறிய வழி உண்டா? மெய்ப்பாட்டியலின் இறுதியில், மெய்ப்பாட்டை உணரக் கண்ணும் செவியும் வேண்டும் என்னும் கருத்து இடம்பெறுகிறது. நேரில் எள்ளுபவன், எள்ளப்பட்டவனின் முகம் சுண்டுவதைக் காண்கிறான்; கண்டபின் நிறுத்தலாம், நிறுத்தாமலும் போகலாம். நிறுத்தாதவனைச் சுற்றி நிற்பவர் தடுக்கலாம். குரலுரையாடலில் கண்ணுக்குப் பணியில்லை. திரையில் ஓடும் உருவம் தலைக்கவசம் அணிந்த பொம்மை. வையப்பட்ட பின்னும் அதன் முகம் மாறுவதில்லை. மெய்யே இல்லாத இடத்தில் மெய்ப்பாடு எங்ஙனம் தோன்றும்?

இவ்வுரையாடலில் எரிச்சலூட்டும் நடத்தை யாவும் ஒரே தரத்தன அல்ல. மைக்கை மூடாமல் மின்விசிறி இரைச்சலையும் தொலைக்காட்சித் தொடரையும் மூன்று பேரின் செவிக்குள் கொட்டுவது கவனக்குறைவு. ஆட்டத்தின் நடுவே பாட்டைப் போட்டுவிடுவது குறும்பு. எதிரியின் காலடியோசையைக் கேட்டே பிழைக்க வேண்டிய விளையாட்டில் அது குழுவைத் தோற்கச் செய்யும் குறும்பு. தோற்றதற்கு அணியில் ஒருவனைத் தேர்ந்தெடுத்து ஆட்டம் முடியும்வரை வைவது இவற்றினின்றும் வேறானது. முன்னிரண்டும் செவியை வருத்துவன. மூன்றாவதே அலை.

உறவுச்சொல்லின் பங்கு இங்குக் கூர்ந்து நோக்கத்தக்கது. முன்பின் அறியாத இருவர் அணியில் சேர்ந்த சில நொடிகளில் ‘மச்சான்’, ‘மாப்ள’ என்று விளித்துக்கொள்கின்றனர். தமிழ் உறவுமுறையில் கேலி பேசும் உரிமை பங்காளிக்கு இல்லை. மாமன் மச்சான் முறையாருக்கே உண்டு. ஆகவே இவ்விளி நட்பைக் காட்டுவதோடு நில்லாமல், கேலிக்கான உரிமத்தையும் கேளாமலே எடுத்துக்கொள்கிறது. மச்சான் என்னும் சொல்லுக்குள் விளிக்கப்படுபவனின் உடன்பிறந்தாள் ஏற்கெனவே இருக்கிறாள் என்பதையும் மறத்தற்கில்லை. ஆட்டம் கைநழுவியதும் வசை முதலில் அவளிடமும் அவள் தாயிடமும் செல்வது தற்செயலன்று.

ரங்கு கடையின் உரிமம்

இவ்வுரிமம் முறையாகச் செல்லுபடியான ஓர் உலகைச் சுஜாதாவின் கதைகளில் காணலாம். ஆனந்த விகடனில் வெளிவந்த இக்கதைகளில், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட தீவில், கோயிலைச் சுற்றிய வீதிகளில் எல்லாரும் எல்லாரையும் அறிவர். ரங்கு கடை பேச்சின் மையம். ‘பேப்பரில் பேர்’ கதையில் கிரிக்கெட் ஆடுபவர்கள் ஒருவர் வீட்டை மற்றவர் அறிந்தவர்கள். சொன்ன சொல் மறுநாள் காலையில் சொன்னவனின் பாட்டியை எட்டிவிடும். எள்ளலுக்கு எல்லை வகுத்தது பண்பு மட்டுமன்று, முகவரியும்தான். குரலுரையாடல் ரங்கு கடையின் பேச்சை எடுத்துக்கொண்டு கடையை விட்டுவிட்டது எனலாம். திருச்சியில் விடுதி அறையிலிருந்து பேசுபவன் யாழ்ப்பாணத்திலோ ஓசூரிலோ இருப்பவனின் வட்டார வழக்கைப் பழித்துவிட்டு, அடுத்த ஆட்டத்தில் வேறு மூவரோடு இறங்கிவிடுகிறான்.

ஆயினும் இவ்வொப்பீட்டைப் பழைய வீதியின் புகழ்ச்சியாக முடித்துவிடுவது பிழையாகும். சுஜாதாவின் ஆடுகளத்தில் ஆடுபவர் ஆண்கள்; கடையில் பேசுபவரும் ஆண்கள். தேவதைகள் பெரும்பாலும் பார்க்கப்படுபவர்கள், பேசப்படுபவர்கள். ‘குண்டு ரமணி’ என்பது ஒரு பெண்ணை அவள் உடலால் அழைக்கும் பட்டப்பெயர். கதையின் தலைப்பும் அதுவே. முகவரி தந்த காப்பு எல்லாருக்கும் ஒருபடித்தாய்க் கிட்டவில்லை என்பதைக் கதாசிரியர் உணர்ந்தே எழுதினாரா என்பது வாதத்திற்குரியது. கதைகள் அதை மறைக்கவில்லை என்பதே இங்குப் போதுமானது. குரலுரையாடல் பெண்ணை விலக்குவதை இணையத்தின் கண்டுபிடிப்பாகக் கருதுவோர் இக்கதைகளை மீண்டும் படிக்கலாம்.

நச்சு என்னும் விருது

2020 செப்டம்பர் 2 அன்று இந்திய அரசு பப்ஜி மொபைலைத் தடைசெய்தது. காரணமாகக் கூறப்பட்டவை நாட்டின் பாதுகாப்பும் தரவுகளும். தடைக்குப் பின்னும் ஆட்டம் நிற்கவில்லை. அவ்வாட்டத்தை நேரலையாக ஒளிபரப்பிய ‘டாக்சிக் மதன் 18+’ என்னும் யூடியூப் சேனலை நடத்தியவர், பெண்களை ஆபாசமாகப் பேசினார் என்பது முதலிய புகார்களின்பேரில் 2021 சூனில் தருமபுரியில் கைதுசெய்யப்பட்டார். ‘டாக்சிக்’ என்பது ஆடுவோர் வழக்கில் பிறரை அலைப்பவன்மீது சுமத்தப்படும் குறைச்சொல். அதையே சேனலின் பெயராகச் சூடிக்கொள்ளும்போது பழி விருதாகிறது. அலைக்கப்பட்டவர் அணியில் ஒருவர் என்ற நிலை மாறி, பார்த்துச் சிரிக்கும் கூட்டத்தின் காட்சிப்பொருளாகிறார். கூத்தின் கட்டியங்காரனும் அவையோரை எள்ளுகிறான். ஆனால் எள்ளப்பட்டவர் அந்த அவையிலேயே அமர்ந்திருக்கிறார், விடிந்தபின் கட்டியங்காரன் அந்த ஊரில்தான் சோறுண்ண வேண்டும்.

முன்பிணை மனு விசாரணையில், அவ்வுரையாடலைக் கேட்டுவிட்டு வருமாறு மனுதாரரின் வழக்கறிஞரிடம் உயர்நீதிமன்ற நீதிபதி கூறியது ஆய்வாளர் கருத்தில் கொள்ளவேண்டிய நிகழ்வு. நாளிதழ்கள் அப்பேச்சை அச்சிட இயலவில்லை; ‘ஆபாசம்’ என்ற ஒற்றைச் சொல்லால் அதை மூடின. அச்சில் மறைந்தது சொல் மட்டுமன்று. யாரை நோக்கி, எத்தனை முறை, யாருடைய சிரிப்புக்கிடையில் அது சொல்லப்பட்டது என்பதும் மறைந்தது. சொற்பட்டியலைக் கொண்டு இத்துறையை ஆராய முனைபவர் அச்சு விட்டுச்சென்ற மிச்சத்தையே ஆராய்வர்.

சட்டமும் பெரும்பாலும் வேறிடத்தில் கண்வைத்திருக்கிறது. தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டுச் சட்டம் இணையவழிச் சூதாட்டத்தைத் தடுக்க எழுந்தது. 2025இன் ஒழுங்குமுறைகள் பணம் வைத்தாடும் விளையாட்டுகளுக்கு நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை நுழைவைத் தடுத்தன. பணத்துக்கும் நேரத்துக்கும் அளவுகோல் உண்டு. குரலுக்கு இல்லை.

எஞ்சுவது ‘மியூட்’ பொத்தான். வைபவனை வாயடைக்கச் செய்யாமல் கேட்பவரைச் செவிடாக்கும் கருவி அது. பெண்குரல் ஒலித்ததும் பாட்டும் சீண்டலும் கேள்விகளும் தொடங்கிவிடுவதால், ஆடவந்த பெண் பலநேரம் தன் மைக்கைத் திறப்பதில்லை. தொல்லை மிகுந்தால் பிறர் குரலையும் அணைத்துவிடுகிறாள். எதிரி எந்த வீட்டில் பதுங்கியிருக்கிறான் என்று அணியினர் கூவுவது அதன்பின் அவளுக்குக் கேட்பதில்லை. அவள் சுடப்படுகிறாள். ஆடத் தெரியாதவளைச் சேர்த்ததால் தோற்றோம் என்று அவளுக்குக் கேளாத குரல்கள் பேசிக்கொள்கின்றன.