பொக்கிஷமும் விலைப்பட்டியலும்

பகடையையும் கற்பனையையும் துணைகொண்டு பலர் கூடி ஆடும் பாத்திரமேற்பு விளையாட்டுகளுக்கெல்லாம் மூலமான ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’, காரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவரின் சிருஷ்டியாக 1974-இல் அமெரிக்காவில் வெளிவந்தபோது, பாதாளத்திலிருந்து மீட்டுவந்த பொன்னே பாத்திரத்தைப் படி உயர்த்தும் அநுபவப் புள்ளியாகவும் கணக்கிடப்பட்டமையால், காவலிருக்கும் பூதத்தோடு பொருதுவதைவிட அதன் கண்ணில் படாமல் செல்வத்தைக் கவர்ந்துவருவதே விவேகமாயிற்று. அப்படி ஈட்டிய பொன் வீணே குவிந்து கிடவாதபடி, 1979-இல் கைகாக்ஸ் எழுதிய ஆட்ட நடத்துநர் கையேடு, அடுத்த படிக்கு உயர விரும்புவோன் தன் படி ஒவ்வொன்றுக்கும் வாரம் 1,500 பொற்காசு வீதம் பயிற்சிக்குக் கட்டவேண்டும் என்று விதித்தது. வரவும் செலவும் ஒன்றையொன்று தாங்கி நின்ற ஏற்பாடு அது.

2000-இல் வந்த மூன்றாம் பதிப்போ பெரும்பாலான மந்திர வஸ்துக்களுக்கு விலை குறித்து, பத்தாம் படியிலுள்ள பாத்திரத்திடம் 49,000 பொற்காசு பெறுமான உடைமை இருக்கவேண்டும் என்று அட்டவணையும் வகுத்தது. அனுபவமில்லாத நடத்துநர் வாரி இறைத்து ஆட்டத்தைக் கெடுப்பதையும், கருமி ஒருவன் கையை மூடிக்கொண்டு ஆடுவோரை வாட்டுவதையும் அது தடுத்ததென்பது மெய். அந்த நியாயத்தை நான் குறைத்து மதிக்கவில்லை. ஆயினும் அதன் விளைவைப் பாருங்கள். வற்றாது நீர் சுரக்கும் குடுவை ஒன்று கிடைக்கிறது. பாலைவனத்தில் ஒரு கிராமத்தையே வாழவைக்கவும், சுரங்கத்தை வெள்ளத்தில் ஆழ்த்தவும் வல்ல அந்த அற்புதத்தின் விலை 9,000 என்றும், விற்றால் பாதி கிடைக்கும் என்றும் விதிநூல் கூறுவதால், ஆடுபவர் அதை 4,500-க்குத் தள்ளிவிட்டு, பகடையோடு இரண்டு கூட்டித் தரும் பாதுகாப்பு மேலங்கியை 4,000 கொடுத்து வாங்குகிறார். அவர்மீது குற்றமில்லை. பகைவரின் வலிமையே அத்தகைய கூட்டுத்தொகைகளை எதிர்பார்த்து வகுக்கப்பட்டிருக்கையில், குடுவையை வைத்துக்கொள்பவன் உயிரைப் பணயம் வைப்பவனாகிறான். விசித்திரத்துக்கு இடமளிப்பதற்கென்றே பிறந்த விளையாட்டில், பொக்கிஷம் மாதச் சம்பளமாகச் சுருங்கியது.

2014-இன் ஐந்தாம் பதிப்பு இந்நோயை உணர்ந்தது. வல்லமை மிக்க வஸ்துக்கள் பலவற்றைத் தன்னோடு இசைவித்துக்கொண்டே பயன்படுத்தவேண்டும் என்றும், ஒருவன் ஒரே சமயத்தில் மூன்றுக்கு மேல் அவ்வாறு இசைவித்துக்கொள்ளலாகாது என்றும் வரம்பிட்டு, அவற்றின் விற்பனையையும் அருமையாக்கிற்று. மந்திர ஆயுதமின்றியும் தாக்குப்பிடிக்கும்படி கணக்கையும் தளர்த்தியது. ஆனால், 1,500 பொற்காசுக்கு முழுக்கவசம் வாங்கிய போர்வீரனுக்கு அதன்பின் பொன்னால் ஆகும் காரியம் யாதென்று அது அழுத்தமாகச் சொல்லவில்லை. ஆசையைத் தூண்டவேண்டிய பொன் வெறும் எண்ணாயிற்று.

என் முடிபு இதுவே: மந்திர வஸ்துவைக் கடைச்சரக்காக்க மறுத்த பிற்காலத்தாரும், பொன்னுக்குச் செலவு கற்பித்த முற்காலத்தாரும் சரி. ஆட்டம் நடத்தும் அன்பர்களே, குடுவையை வாங்கக் கடைக்காரனை வைக்காதீர்கள். பொன்னைக் கேட்கும் கோட்டையையும், படையையும், பயிற்சி தரும் ஆசானையும் வையுங்கள்.