வாசலும் வேலையும்

ஹ்யூபர்ட் ஹம்ப்ரியின் பிரசங்கத்தில் இலக்கியம் தேடி நான் போகவில்லை. ஒரு மனிதன், தான் சொன்ன சொல்லுக்குப் பின்னால் எவ்வளவு தூரம் நடந்தான் என்று பார்க்கும் ஆசைதான். கதை எழுதுகிறவனுக்கு அது தொழில் புத்தி.

1948 ஜூலை 14. பிலடெல்பியாவில் அமெரிக்க ஜனநாயகக் கட்சியின் மகாநாடு. மினியாபோலிஸ் மேயர் ஹம்ப்ரிக்கு அப்போது வயது 37. கறுப்பருக்கு வாக்கு, வேலையில் சம வாய்ப்பு, உயிருக்குப் பாதுகாப்பு, ராணுவத்தில் சம மரியாதை என்ற திருத்தத்தை ஆதரித்துச் சுமார் பத்து நிமிஷம் பேசினார். 651½க்கு 582½ என்ற கணக்கில் அது நிறைவேறியது. மிசிசிபிக்காரர்கள் அத்தனை பேரும், அலபாமாக்காரர்களில் பாதிப் பேரும் எழுந்து வெளியே போனார்கள். தம் கட்சியே உடையும் என்று தெரிந்து பேசிய பேச்சு அது. அந்தத் துணிவை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

ஆனால் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. நிறம் பார்த்து ஆளைத் திருப்பி அனுப்பாதே என்பது ஒரு நியாயம். உள்ளே போனவனுக்கு வேலை இருக்க வேண்டும் என்பது இன்னொன்று. முதலாவதற்கு 1947லேயே அவர் தம் நகரத்தில் சட்டம் கொண்டுவந்துவிட்டார். இரண்டாவது 1948ன் பேச்சில் இல்லை. பசி தெரியாதவர் என்று சொல்லவும் முடியாது. மருந்துக்கடைக்காரர் மகன், 1931ல், பொருளாதார மந்தத்தின்போது, கல்லூரியை விட்டுத் தகப்பனார் கடைக்குத் திரும்பியவர்.

அந்த இரண்டாவது நியாயம் 1964 ஆகஸ்டில், அட்லாண்டிக் சிட்டி மகாநாட்டில், ஒரு பெண் உருவத்தில் அவர் எதிரே வந்தது. மிசிசிபிப் பருத்திப் பண்ணைத் தொழிலாளி ஃபேனி லூ ஹேமர். 1962ல் வாக்காளர் பட்டியலில் பெயர் பதியப் போனார். அன்றைக்கே பண்ணைக்காரர் அவரை வெளியேற்றிவிட்டார். வேலையும் பண்ணைக்காரருடையது, குடியிருந்த வீடும் அவருடையது. அப்படிப்பட்ட இடத்தில் வாக்குரிமை எந்தத் தரையில் கால் ஊன்றும்?

வெள்ளையர் மட்டுமே கொண்ட மிசிசிபிக் குழுவுக்குப் பதிலாகத் தங்கள் குழுவை ஏற்கும்படி ஹேமரும் தோழர்களும் கேட்டார்கள். அவ்வருஷம் சிவில் உரிமைச் சட்டத்தைச் செனட்டில் நடத்திக் கொடுத்த அதே ஹம்ப்ரி, ஜான்சனுக்காக, இரண்டே இடம் என்ற சமரசத்தை முன்வைத்தார். அவர்கள் மறுத்துவிட்டார்கள். உப ஜனாதிபதி வேட்பாளர் பதவி ஹம்ப்ரிக்குக் கிடைத்தது. நாவலில் இப்படி எழுதினால், ரொம்பவும் ஜோடித்திருக்கிறது என்பார்கள்.

கடைசி வருஷங்களில்தான் அவர் அந்த விட்டுப்போன பாதிக்கு வந்தார். லாஸ் ஏஞ்சல்ஸைச் சேர்ந்த கறுப்புப் பிரதிநிதி அகஸ்டஸ் ஹாக்கின்ஸுடன் சேர்ந்து, எல்லோருக்கும் வேலை என்ற மசோதாவுக்காகப் பாடுபட்டார். அவரை மதிக்க எனக்கு 1948ஐவிட இதுவே பெரிய காரணம். 1978 ஜனவரியில் காலமானார். அக்டோபரில் கையெழுத்தான சட்டத்தில், வேலையின்மையை நூற்றுக்கு 4 ஆகக் குறைக்கும் இலக்கு இருந்தது. வேலை கிடைக்காதவன் அதை உரிமையாகக் கேட்டு வழக்காடலாம் என்று 1974ன் மூல மசோதாவில் இருந்த ஷரத்து மட்டும் காணாமல் போயிருந்தது.