பூவுக்குப் பக்கம், முகத்துக்குத் தூரம்

விருத்தாசலத்தில் உளுந்தூர்பேட்டை பஸ் ஏறினால் வழியில் வரும் ஊர் மங்கலம்பேட்டை. அங்கே ஒரு சின்ன ஸ்டுடியோ. பாஸ்போர்ட் சைஸ், ஜெராக்ஸ், முகூர்த்த மாதங்களில் கல்யாண ஆர்டர். ஸ்டுடியோக்காரத் தம்பி சுவரில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு படங்கள் மாட்டியிருந்தார். ஒன்று முந்திரிப் பூ. இன்னொன்று அவருடைய ஆயா. (அந்தப் பக்கம் பாட்டியை ஆயா என்பார்கள்.)

"ரெண்டும் ஒரே லென்ஸ் அண்ணே. நூறு எம்.எம். மேக்ரோ. ஃப்ரெண்டோடது. பூவும் எடுக்கலாம், போர்ட்ரெய்ட்டும் எடுக்கலாம், டூ இன் ஒன்னுன்னு கடையில சொல்றாங்க. கடன் வாங்கியாவது வாங்கிடலாமா?"

கடன் என்றதும் எனக்குள் இருக்கும் பி.காம்.காரன் விழித்துக்கொண்டான். ஆனால் அதற்கு முன்னால் படங்களைப் பார்ப்போம். நீங்களும் பாருங்கள்.

பூப்படம் பிரமாதம். முந்திரித் தோப்புக்கு நடுவிலேயே வளர்ந்தவர்கள்கூட முந்திரிப் பூவை உற்றுப் பார்த்திருக்க மாட்டார்கள். சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும். பின்பக்கமாகச் சுருண்ட இதழ்கள், அதில் சிவப்புக் கோடுகள், நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒற்றை மகரந்தத் தாள், அதன்மேல் ஏறப் பார்க்கிற ஒரு எறும்பு. மேக்ரோ லென்ஸ் எதற்குப் பிறந்ததோ அதைச் செய்திருக்கிறது.

ஆயா படம் தோல்வி. ஆயாவே, "இது நான் இல்ல, கழட்டி வை" என்று சொல்லிவிட்டாராம். தம்பிக்கு அதில் வருத்தம். "உள்ளதத்தானே அண்ணே காட்டுது? சுருக்கம் இருந்தா என்ன?" என்கிறார். நான் ஆயா கட்சி. சுருக்கம் தெரிவது குற்றமில்லை. படத்தில் இடது கண் ஊசி முனை மாதிரி இருக்கிறது, வலது கண் தண்ணீரில் விழுந்த மாதிரி கலங்கிக் கிடக்கிறது. மூக்கு பெரிசு, காது எங்கேயோ. தம்பி இரண்டடியில் நின்று, துவாரத்தை எஃப் 2.8-க்கு முழுசாகத் திறந்து வைத்து எடுத்திருக்கிறார். அந்தத் தூரத்தில் ஃபோகஸ் ஆகும் ஆழம் சில மில்லிமீட்டர்தான். இரண்டு கண்ணும் அதில் எப்படி அடங்கும்? பூவிடம் போன மாதிரியே ஆயாவிடமும் போயிருக்கிறார்.

இந்த லென்ஸின் ஜாதகத்தைக் கொஞ்சம் பாருங்கள். 1956-ல் ஜப்பானில் நிக்கான் கம்பெனி மைக்ரோ-நிக்கார் என்று ஒரு லென்ஸ் கொண்டுவந்தது. பூவுக்கும் இல்லை, முகத்துக்கும் இல்லை, காகிதத்துக்கு. ஆவணங்களை மைக்ரோஃபிலிமில் சுருக்கும்போது, கோடு கோடாக நெருங்கிய காஞ்சி எழுத்துகள் மசியாகிவிடக் கூடாது என்பதுதான் கவலை. பக்கத்தின் நடுவும் நாலு மூலையும் ஒரே கூர்மையில் விழ வேண்டும். நம் பக்கத்தில் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இருக்கிற சைவச் சுவடிகளை 2005-ல் யுனெஸ்கோ தன் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. அந்த மாதிரி ஓலையைப் படமெடுக்க மேக்ரோவுக்கு மிஞ்சியது கிடையாது. ஆனால் ஆயா ஓலை இல்லையே.

அதற்காக மேக்ரோவில் முகமே எடுக்கக் கூடாது என்று சொன்னால் அதுவும் தப்பு. 1979-ல் வந்த டாம்ரான் 90 எம்.எம். லென்ஸுக்கு 'போர்ட்ரெய்ட் மேக்ரோ' என்றே பட்டப்பெயர். பொருளின் பாதி அளவு வரைதான் அதில் போக முடியும். ஆனால் பின்னணியை அது கரைக்கிற அழகுக்காகவே வாங்கினார்கள். இன்னொரு வேடிக்கை, 2021-ல் கேனன் கொண்டுவந்த ஆர்.எஃப். 100 எம்.எம். மேக்ரோ. பொருளை 1.4 மடங்கு காட்டும். கூடவே, திருப்பினால் படத்தை மென்மையாக்க ஒரு தனி வளையம்! காசு கொடுத்துக் கூர்மை வாங்கு, அப்புறம் வளையத்தைத் திருப்பி அதைக் குறைத்துக்கொள். முகத்துக்கு இவ்வளவு கூர்மை வேண்டாம் என்று கம்பெனியே ஒப்புக்கொண்டதாகத்தான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

கடையில் 'எத்தனை எம்.எம்.?' என்பார்கள். நீங்கள் 'எத்தனை சாண்?' என்று கேளுங்கள். ஒன்றுக்கு ஒன்று என்ற அளவில் எடுக்கும்போது, 60 எம்.எம். மேக்ரோவின் மூக்குக்கும் பூவுக்கும் நடுவில் ஐந்தாறு சென்டிமீட்டர்தான் மிஞ்சும். எறும்பு ஓடிவிடும், உங்கள் நிழலும் விழும். நூறில் அரையடிக்குக் கொஞ்சம் குறைவு. 180-ல் முக்கால் அடி. வண்ணத்துப்பூச்சி பயப்படாது, உங்கள் தோள்தான் வலிக்கும். பெரிய சென்சார் கேமராவில் ஒன்றுக்கு ஒன்று என்றால், கடைக்காரர்கள் வாங்க மறுத்த அந்தப் பத்து ரூபாய் நாணயம் முழுசாக அடங்காது. நாணயம் 27 மி.மீ., சட்டத்தின் உயரம் 24.

முகத்துக்கு இதே கணக்கு தலைகீழ். தம்பியின் கேமரா சின்ன சென்சார். அதில் நூறு எம்.எம். மாட்டி இடுப்பு வரை ஒரு ஆளை எடுக்க ஏறக்குறைய பதிமூன்று அடி தள்ளி நிற்க வேண்டும். ஸ்டுடியோவோ பத்துக்குப் பன்னிரண்டு. அதிலும் பின்திரை ஒரு அடியைத் தின்றுவிடுகிறது. அறுபது எம்.எம். என்றால் எட்டடியில் முடிந்துவிடும்.

இப்போது கடன் கணக்கு. ஒரு கல்யாணத்தில் தாலி, மோதிரம், மருதாணிக் கை என்று க்ளோசப் நாலைந்து தேறும். அதற்கு எக்ஸ்டென்ஷன் ட்யூப் போதும். கண்ணாடியே இல்லாத வெறும் குழாய். இருக்கிற 50 எம்.எம். லென்ஸுக்குப் பின்னால் 25 மி.மீ. குழாய் மாட்டினால் பொருளின் பாதி அளவு படத்தில் வரும். விலை மேக்ரோவில் சின்னப் பங்கு. முகத்துக்கு 85 எம்.எம். எஃப் 1.8 இருக்கிறது. மேக்ரோ போல இருட்டு மண்டபத்தில் ஃபோகஸ் தேடி முன்னும் பின்னும் அலையாது. போர்ட்ரெய்ட்டுக்காக மேக்ரோ வாங்காதீர்கள். பூவுக்காக வாங்குங்கள், போர்ட்ரெய்ட் கொசுறு. தம்பியிடம் இதைத்தான் சொன்னேன். முகம் கொஞ்சம் தொங்கிப்போனது. முந்திரி பூக்கிற மூன்று மாதத்துக்காக வட்டி கட்டுவதா என்று அவரே முணுமுணுத்துக்கொண்டார்.

"நண்பர் லென்ஸைத் திருப்பிக் கொடுக்கறதுக்குள்ள ஆயாவை இன்னொரு தடவை எடுத்துப் பாருங்க. ஃப்ளாஷ் வேண்டாம், எஃப் 5.6, தள்ளி நில்லுங்க" என்றேன்.

"எங்கண்ணே தள்ளி நிக்கிறது? சுவருதான்."

வாசற்கதவை முழுசாகத் திறந்தோம். ஆயாவை உள்ளே, வாசல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுகிற மாதிரி ஸ்டூலில் உட்கார வைத்தோம். தம்பி படியிறங்கி ரோட்டோரம், நிறுத்தியிருந்த பைக்கை ஒட்டி நின்று குறி பார்த்தார். நடுவில் ஒரு சைக்கிள் வந்தது. "கொஞ்சம் இருங்க மாமா" என்று அவரை நிறுத்தினார்.

ஆயா என்னைப் பார்த்து, "அவ்ளோ தூரத்துல நிக்கிறானே, அங்கேர்ந்து எம்மூஞ்சி தெரியுதாமா அவனுக்கு?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். அந்த நேரத்தில்தான் ஷட்டர் சத்தம் கேட்டது.