நிழற்படத்தில் தோட்டத்து மக்கள்

மலையகத் தமிழர் வருகையின் இருநூறாம் ஆண்டு 2023இல் நினைவுகூரப்பட்டதையொட்டி, தோட்ட வாழ்வைக் காட்டும் நிழற்படங்கள் பல காட்சிக்கு வந்தன. பதுளை, பசறை, அப்புத்தளை ஆகிய பக்கங்களிலிருந்து ஆவலோடு சென்று அத்தகைய காட்சிகளைக் காண்போர் மனக்குறையோடு திரும்ப நேர்கின்றது. அக்குறை யாது?

தொழிற்றிறத்திற் குறை கூறுதற்கில்லை. மூடுபனியும், மழைத்துளி தங்கிய கொழுந்தும், தலையில் அழுந்துங் கூடைக் கயிறும் செவ்வையாகவே படிந்துள்ளன. ஆயின், படத்தின் கீழ்க் காணப்படுவதோ ‘கொழுந்து பறிக்கும் பெண்’ என்னும் குறிப்பு. எந்தத் தோட்டத்தவர்? எந்த ஆண்டிற் பிடித்த படம்? அவர் பெயர் என்ன? படம் பிடித்தவரின் பெயர் மாத்திரம் தவறாது இடம்பெறும்.

இது புதிய வழக்கமன்று. நிழற்படக் கலையிற் பெரும்புகழ் பெற்ற ஜூலியா மார்கரெட் கமரூன் அம்மையார் 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் இங்கேயே காலமானார். அவர் கல்லறை பொகவந்தலாவையில் உள்ளது. அவருடைய கணவருக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்தன. இங்கிலாந்தில் வானநூலறிஞர் ஹேர்ஷலையும் கவிஞர் டெனிசனையும் பிடித்த படங்களுக்கு அவரவர் பெயரையே இட்ட அம்மையார், இந்நாட்டு எளிய மக்களைப் பெரும்பாலும் பெயரின்றியே விட்டார். ‘களுத்துறைக் குடியானவர் கூட்டம்’ என்பது 1878இற் பிடித்த ஒரு படத்தின் தலைப்பு. அவர் காலத்தை எண்ணி அதனைப் பொறுக்கலாம். ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அத்தகைய தலைப்பே எழுதப்படுவதைப் பொறுத்தல் அரிது.

தோட்டத்திலே ஒருநாள் வேலையைப் ‘பேர்’ என்றே வழங்குவர். நிறுவையிற் கொழுந்து குறைந்தால் விழுவது ‘அரைப் பேர்’. செக்ரோலில் ஏறும் அந்தப் பேருக்காகவே காலைப் பிரட்டு முதல் மாலை நிறுவை வரை உழைப்பு நிகழ்கின்றது. கணக்கேடு கொடுத்த அரைப் பேரைக் கூடக் கலைக்காட்சி கொடுக்கவில்லை. நிறுவைத் தராசும் அதனைச் சூழ்ந்து நிற்போரின் கவலையும் காட்சியில் அருமையாகவே தோன்றும்; பனியும் புன்னகையுமே மிகுதி. தம்பேதன்னைக்கு மேலுள்ள லிப்டன் சீற்றுக்குச் சென்றுவரும் உல்லாசப் பயணியின் படத்துக்கும் இதற்கும் வேற்றுமை என்னை?

கலைக்குப் பெயரும் நாளும் எதற்கு என்பாருமுளர். 2014 ஒக்டோபர் 29ஆந் தேதி கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மண் சரிந்து லயங்கள் புதையுண்டன. அதற்கு முன்னர் அவ்வாயில்களிற் பிடித்த படமொன்று பெயரும் ஆண்டும் குறிக்கப்பெற்று எங்கேனும் இருக்குமாயின், மாண்டாரின் உறவினர்க்கு அதனினும் பெரிய பொருள் யாது? குறிப்பில்லாத படமோ எந்த மலைக்கும் பொருந்தும். பெயரை வெளியிட விரும்பாதாரைக் கேட்டறிந்து விடுத்தல் வேறு. கேளாமலே விடுத்தல் வேறு.

பதுளைப் பகுதியிற் பிறந்த தெளிவத்தை ஜோசப், ‘மீன்கள்’ என்னுஞ் சிறுகதையில் ஒற்றை லயக் காம்பராவின் நெருக்கடியைச் சொல்லி வாசிப்போரைத் தலைகுனியச் செய்தார். கமராவோ அக்காம்பராவின் வாயிலிலேயே நின்றுவிடுகின்றது. வெளிச்சம் போதாமை அதற்குக் காரணமாகாது.

கொழும்பில் வைக்கும் படங்களைப் பதுளையிலும் ஒருமுறை வைத்தல் வேண்டும். படத்திலுள்ளவரும் அவர் பிள்ளைகளும் வந்து பார்ப்பர். பக்கத்து லயத்தவர் இன்னார் இன்னார் எனச் சுட்டிக் காட்டுவர். அப்பெயர்களையாவது எழுதிக்கொண்டு போகலாம்.