செயல்நினைவும் கோணமாமலைப் பதிகமும்

மனனம் பற்றி எம்மிடையே இருவேறு கருத்துக்கள் நிலவுகின்றன. முன்னோரின் நினைவாற்றலை அளவிறந்து போற்றுவோர் ஒரு சாரார். மனனம் அறிவை மழுக்கும் கிளிப்பாடம் என இகழ்வோர் மற்றொரு சாரார். இரு சாராருமே நினைவைப் பொருள்கள் குவித்து வைக்கப்படும் களஞ்சியமாகக் கொள்கின்றனர். இக்கொள்கை எத்துணைப் பொருந்தும் என்பதைத் திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த கோணமாமலையைத் திருஞானசம்பந்தர் பாடிய பதிகத்தைச் சான்றாகக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

1974இல் பிரித்தானிய உளவியலாளர்களான அலன் படெலியும் கிரகாம் ஹிட்சும் செயல்நினைவு என்னும் கோட்பாட்டை விரித்துரைத்தனர். கருமமொன்றை ஆற்றும்போது அதற்கு வேண்டுவனவற்றைச் சிறிது நேரம் ஏந்திக் கையாளும் உளத்தொழிற்பாடே செயல்நினைவு. கவனத்தை நெறிப்படுத்தும் மைய இயக்கி, ஒலியை ஏந்தும் ஒலிச்சுற்று, உருவையும் இடத்தையும் ஏந்தும் காட்சிப்பலகை என அதற்கு மூன்று கூறுகள் உள என்றனர். இவற்றை நீள்நினைவோடு இணைக்கும் நான்காம் கூறொன்றைப் படெலி 2000ஆம் ஆண்டிற் சேர்த்தார். ஒலிச்சுற்றில் தங்கும் ஒலி ஏறக்குறைய இரண்டு விநாடிகளில் மங்கும். மனத்துள் மீளமீளச் சொல்வதாலேயே அது நிலைக்கும்.

இக்கோட்பாட்டைத் தமிழ்ச் செய்யுளோடு பொருத்துங்கால் ஓர் இடர்ப்பாடு தோன்றுகிறது. ஒத்த ஒலியுடையவற்றை நிரலாகக் கூறின் அவற்றின் வரிசை குழம்பும் என்பது 1960கள் முதல் ஆய்வுகூடங்கள் காட்டிய முடிபு. எதுகையும் ஒலியொப்புமையே. அங்ஙனமாயின் எதுகை நினைவுக்கு இடையூறாதல் வேண்டுமன்றோ?

ஆகாது என்பதே எமது துணிபு. ஆய்வுகூட நிரல் தொடர்பற்ற உதிரிகளால் ஆயது. அங்கே ஒலியொப்புமை எவ்விடத்தையும் சுட்டுவதில்லை. செய்யுளிலோ எதுகை, அடிதோறும் முதற்சீரின் இரண்டாம் எழுத்து என வரையறுத்த இடத்தில் நிற்கிறது. ஓரடியை ஓதி முடித்தவர்க்கு அடுத்த அடியின் தொடக்கம் எவ்வொலியுடையது என்பதை அது உணர்த்துகிறது. சீரின் அளவும் பொருளின் போக்கும் பிறழ்வுக்கான வாய்ப்பை மேலும் குறைக்கின்றன. வாய்மொழி மரபுகளைப் பற்றி டேவிட் ரூபின் 1995இல் வெளியிட்ட நூலும் ஒலி, பொருள், காட்சி ஆகியவற்றின் கூட்டுக்கட்டுப்பாட்டையே வலியுறுத்துகிறது. இடமின்றி நிற்கும் ஒப்புமை மயக்கும். இடமறிந்து நிற்கும் ஒப்புமை வழிகாட்டும்.

மூன்றாம் திருமுறையில் புறநீர்மைப் பண்ணில் அமைந்த கோணமாமலைப் பதிகம் இதற்குத் தக்க சான்று. இறுதிச் செய்யுள் நீங்கலாக இதன் செய்யுள் ஒவ்வொன்றும் ஒரே தொடரால் முடிகிறது. ஓதுவார் அதனை எய்தும்போது கவனத்தின் சுமை குறைய, அடுத்த செய்யுளின் தொடக்கத்தை நாட இடம் கிடைக்கிறது. சம்பந்தர் மரபின்படி எட்டாம் செய்யுள் இராவணனையும், ஒன்பதாவது அயனும் மாலும் காணாமையையும், பத்தாவது சமண பௌத்தரையும், இறுதிச் செய்யுள் பாடியவரையும் கூறும். இராவணன் வெட்டு எனப்படும் பாறைப்பிளவைக் கண்ணாற் கண்ட இத்துறைமுக ஊர்ச் சிறுவர்க்கு எட்டாம் செய்யுள் ஒலியாக மட்டுமன்றிக் காட்சியாகவும் பதிதல் இயல்பே.

இனி, இப்பதிகத்தின் ஏழாம் செய்யுள் கிடைத்திலது. ஆறு செய்யுள்களை அடுத்து இராவணன் செய்யுள் வருதலால், மரபறிந்தார் எவரும் இடைவெளியை உடனே காண்பர். அமைப்பானது இழந்ததன் இடத்தைக் காட்டுகிறது. ஆயின் இழந்த சொற்களை மீட்டுத் தரவில்லை. நினைவாற்றலை அளவிறந்து போற்றுவோர் இதனை எண்ணுதல் வேண்டும். ஏட்டின் துணையற்ற மனனம் முழுமையான காவலன்று. மனனத்தை இகழ்வோர் எண்ணத்தக்கதும் ஒன்றுண்டு. இடைவெளியை அறியச்செய்ததும் ஓதுவார் உளத்தில் நின்ற அமைப்பறிவே. பொருளும் யாப்பும் உணர்ந்து செய்யும் மனனம் அமைப்பறிவாகும். அவற்றை உணராது செய்வதே கிளிப்பாடம்.

இவ்வாராய்ச்சி பாடசாலைக்கும் உரியது. உச்சரிக்க நீண்ட நேரம் பிடிக்கும் சொற்கள் ஒலிச்சுற்றிற் குறைவாகவே தங்கும். வேல்ஸ் மொழிச் சிறுவர் இலக்கங்களை நினைவிற் கொள்வதில் ஆங்கிலச் சிறுவரினும் குறைந்தவராகத் தோன்றியதற்கு அம்மொழி எண்ணுப்பெயர்களின் நீளமே காரணம் என 1980இல் எலிசும் ஹெனெலியும் காட்டினர். ஒன்று முதல் ஒன்பது வரையான ஆங்கில எண்ணுப்பெயர்களுள் ஏழைக் குறிப்பது ஒன்றே இரண்டு ஒலியசை உடையது. தமிழிலோ ஒவ்வொன்றும் இரண்டோ அதற்கு மேலோ உடையது. ஆதலின், ஆங்கில அளவீட்டை அப்படியே பெயர்த்து, தமிழும் சிங்களமும் வழங்கும் திருகோணமலை மாவட்டத்துப் பிள்ளைகளை அளந்தால், மொழியின் நீளத்தைப் பிள்ளையின் குறையெனக் கொள்ளும் பிழை நேரும். அப்பிழையால் மந்தபுத்தி எனப் பெயர் சூட்டப்படும் பிள்ளைக்கு நேரும் இழப்பு சிறிதன்று.

செயல்நினைவு ஒரு கொள்கலம் அன்று. மொழியின் ஒலியோடும் அமைப்போடும் இயைந்து இயங்கும் தொழிற்பாடு. ஆகவே தமிழ் பேசுவோரின் நினைவை அளக்கப் புகுவோர் தமிழின் ஒலியையும் யாப்பையும் முதற்கண் அறிதல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.