நிலமும் ஊர்தியும்

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்பது தொல்காப்பிய நெறி. ஊர்திகளை ஒப்பிடவும் அந்நெறி உதவும்.

1948இல் வெளிவந்த லேண்ட் ரோவர், போருக்குப் பிந்திய எஃகுப் பற்றாக்குறையால் அலுமினியக் கலவையில் மேற்கூடு பெற்றது. சேற்றைக் கடந்து செல்ல நான்கு சக்கரங்களிலும் விசை பெற்றது. 2007இல் வந்த நிசான் ஜி.டி.ஆரும் நாற்சக்கர விசையுடையதே. ஆயின் அவ்விசை, மணிக்கு 300 கிலோமீட்டரைக் கடக்கவல்ல பேராற்றல் சறுக்கி வீணாகாமல் சாலையைப் பற்றுதற்கு.

1971 வரை பிரிட்டிஷ் படைத்தளமாயிருந்த சாங்கிக்கு இன்று விரைவுச்சாலை செல்கிறது. அங்குச் சேறு இல்லை. 90 கிலோமீட்டரைக் கடக்க இசைவும் இல்லை. முன்னதன் உரமும் பின்னதன் விரைவும் அங்கு வெறும் அணிகளே. அதனால் பழையது தாழ்ந்ததென்றோ புதியது வீணென்றோ துணிதல் முறையன்று. நூலாயினும் ஊர்தியாயினும், அஃது எந்நிலத்திற்கெனப் பிறந்ததோ அந்நிலத்தில் வைத்தே மாணவர் மதிப்பிடல் வேண்டும்.